அமாவாசையில் குறைந்த இருபத்தோரு கிராம்

ஏனுங்க தம்பி, அந்த ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி வுடுங்க. கோவிச்சுக்காதீங்க. மலையைப் பாக்கோணும்னுதான் ஜன்னலோரம் புடிச்சிருப்பீங்க, தெரியுது. கல்லாறு தாண்டட்டும், மரம் வந்துரும், அப்பறம் தெறந்துக்கலாம். வெயில் நேரா என்ற பை மேல அடிக்குது. பைக்குள்ள எலக்ட்ரானிக் தராசு இருக்குதுங்க. ஊட்டில ஒரு டீ ஃபேக்டரிக்குக் கொண்டுட்டுப் போறேன்.

தராசுக்கு வெயில் ஆகாது. உள்ளார விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியக் கட்டை இருக்கும், லோட் செல்லும்பாங்க. மேல எடை வெச்சா மசுரளவு வளையும். அந்த வளைவை வெச்சுத்தான் நம்பர் வருது. சூடேறுச்சுன்னா அது வேற மாதிரி வளையும், பொய் சொல்லும். முப்பத்தெட்டு வருசமா இதைத்தான் ஊரூராப் போயிக் கத்தறேன். காரமடைல ஒரு பருத்திக் கடைக்காரரு, தராசை வாசல்ல போட்டுட்டு எடை கொறையுது, எடை கொறையுதுன்னு என்னைக் கூப்புட்டு வுட்டாரு. "ஏனுங் அண்ணா, தராசை அப்பளமாட்டக் காயப் போட்டிருக்கறீங்களே"ன்னு கேட்டேன். எங்க சங்கத்துல இது பேர் போன பேச்சு. சென்னியப்பன்னா அப்பளம்பாங்க.

சென்னியப்பன் நாந்தானுங்க. சிங்காநல்லூர்ல தராசுப் பட்டறை.

ஊட்டில என்ற பொண்ணு இருக்கறா, கோகிலவாணி. காலேஜுல பிசிக்ஸ் சொல்லித் தர்றா. டாக்டர் பட்டம் வாங்குனவ. இல்லீங்க, பாக்கப் போகல. மிஷினை மாட்டறேன், இந்த முறுக்கு டப்பாவைக் காலேஜ் வாட்ச்மேன்கிட்டக் குடுக்கறேன், அடுத்த பஸ்ஸுக்கு இறங்கீர்றேன். எங்களுக்குள்ள ஏழு மாசமாப் பேச்சில்ல. டப்பா எங்க வீட்டுக்காரி குடுத்து வுட்டது. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

சண்டை எதுக்குன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. காடு தோட்டத்துக்கா? இல்ல. மாப்பிள்ளை விசயமா? அவரு தங்கமான ஆளு. பூமி இழுக்குதா, வானம் தள்ளுதா, இதுதானுங்க சண்டை.

பாருங்க, சிரிக்கறீங்க.

எப்புடி ஆரம்பிச்சுதுன்னா, கோயமுத்தூர்ல அம்பது கிலோ கல்லை வெச்சு கரெக்டா நிறுத்துன மிஷினை ஊட்டிக்குக் கொண்டு போயி வெச்சா, பதினெட்டு இருவது கிராம் கொறைச்சுக் காட்டும். எங்க லைன்ல அத்தன பேருக்கும் தெரியும். மேல போயி மறுபடி செட் பண்ணிட்டு டீயைக் குடிச்சுட்டு இறங்கி வந்துருவாங்க. ஏன் கொறையுதுன்னு ஆராவது கேட்டாங்களா? நான் கேட்டேன். ஒம்பதாவதோட நின்ன ஆளுதான், ஆனா கேட்டேன். கயிறு இல்லாம எதையாவது இழுத்திருக்கறீங்களா? நான் இழுத்ததில்ல. ஆனாத் தள்ளறதுக்குக் கயிறு வேண்டியதில்ல. வானம் பூராவும் கண்ணுக்குத் தெரியாத பொடி நாலாப் பக்கமும் பறந்துட்டே இருக்குது. நம்மள எல்லாத் தெசைல இருந்தும் இடிக்குது. கீழ பூமி மறைச்சுக்குது, அதனால கீழ இருந்து வர்ற இடி கொறைச்சல். மேல இருந்து வர்றது எச்சு. அந்த எச்சுதான் எடை. மலை மேல போனா பூமி மறைக்கறது கொஞ்சம் கொறையுது, எடையும் கொறையுது. அவ்வளவுதானுங்க. தள்ளுவிசைன்னு பேர் வெச்சேன்.

அப்பறம் நான் ரோசிச்சேன். பூமி மறைச்சா, சூரியனும் மறைக்கோணுமல்ல? உச்சி வெயில்ல சூரியன் தலைக்கு மேல நிக்குது. மேல இருந்து வர்ற பொடியைக் கொஞ்சம் அது தடுக்கும். அப்ப மத்தியானம் எடை கொறையோணும். பட்டறைல ஃபேன் காத்து எட்டாத மூலைல ஒரு மிஷினை ஒதுக்கி, அம்பது கிலோ கல்லை ஏத்தி அப்படியே வெச்சேன். காலைல ஆறு, மத்தியானம் பன்னண்டரை, சாயந்தரம் ஆறு, மூணு வேளையும் நம்பரை எழுதுவேன். பதினோரு வருசம். பதினாலு நோட்டு. காச்சல் வந்து படுத்தன்னைக்கும் வீட்டுக்காரியை அனுப்பி எழுத வெச்சேன். மத்தியானம் கொறைஞ்சுது தம்பி! தெனமும் எட்டு ஒம்பது கிராம் கொறைஞ்சுது!

அது மட்டுமில்ல. அமாவாசையன்னைக்கு சூரியனும் நெலாவும் ஒரே பக்கம் நிக்குது. ரெண்டும் சேந்து மறைக்குது. அன்னைக்கு இன்னும் எச்சாக் கொறையோணும். எங்க பட்டறைகளுக்கு அமாவாசைதான் லீவு, ஞாயித்துக்கெழம இல்ல. விடியக் கருக்கல்ல மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டி, மெயினை ஆஃப் பண்ணி, ஷட்டரை இறக்கீருவோம். ஆளுகளுக்குத்தான் லீவு, எனக்கு ஏது? பின்வாசல் வழியா நான் மட்டும் போயி எழுதுவேன். தராசு பேட்டரில ஓடும். இருபத்தோரு கிராமுங்க! ஒரு அமாவாசை தப்பாம, பத்தொம்பது, இருவது, இருபத்தொண்ணு. மொதல்ல பாத்தப்ப நம்பருக்குக் கீழ ரெண்டு கோடு போட்டேன். சர்ட்டெல்லாம் தொப்பலா நனைஞ்சிருச்சு.

இதை மகளுக்குச் சொல்லாம ஆருக்குச் சொல்றது? போன வருசம் ஆனி மாசம் கூப்புட்டு, "கண்ணு, நீ பாத்து சரின்னு சொல்லீரு, உன்ற பேரைப் போட்டுப் பெரிய எடத்துக்கு அனுப்பு"ன்னேன். வந்தா. நோட்டு பதினாலையும் அடுக்கி வெச்சேன். உக்காந்து படிச்சா, ஒரு பக்கம் வுடாம.

அப்பறம் பேசுனா. "அப்பா, இந்த ரோசனை முந்நூறு வருசத்துக்கு முந்தியே ஐரோப்பால ஒருத்தருக்கு வந்திருக்குது. பெரிய பெரிய ஆளுக எல்லாம் ஒக்காந்து நிறுத்துப் பாத்துட்டு வுட்டுட்டாங்க"ன்னா. நான் ராத்திரி பகலா ரோசிச்சது எவனோ ரோசிச்சதாமா. "ஏன் வுட்டாங்க?"ன்னேன். "மழைல பைக்குல போனா முன்பக்கந்தான எச்சா நனையுது? பூமி செகண்டுக்கு முப்பது கிலோமீட்டர் ஓடுது. பொடி இடிச்சா முன்பக்கம் எச்சா இடிக்கும், வேகம் கொறைஞ்சு பூமி என்னைக்கோ சூரியனுக்குள்ள வுழுந்திருக்கோணும். பூமி தடுக்கற அத்தன பொடியும் சூடாகோணும், அந்தச் சூட்டுல பூமி ஆவியாப் போயிருக்கோணும்"ன்னா. "பூமிக்குள்ள சூடாத்தான கண்ணு இருக்குது, எரிமலை வருதல்ல?"ன்னேன். சிரிச்சுட்டா. அவளோட சின்ன வயசுச் சிரிப்பு அது.

"மலை மேல கொறையறதுக்கு என்ன சொல்றே?"ன்னு மடக்குனேன். "பூமியோட நடுவுல இருந்து தூரம் போறோம், இழுப்பு கொறையுது. பழைய கணக்கும் அதே இருவது கிராமைத்தான் சொல்லுதுப்பா. ரெண்டு பேரும் ஒரே விடை சொல்ற எடத்துல ஆரு சரின்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது? வேற வேற விடை சொல்ற எடம் வேணும்"னா. அது நாயமாத்தான் பட்டுது. "அமாவாசை மத்தியானத்துக்குப் பழைய கணக்கு என்ன சொல்லுது?"ன்னேன். பேப்பர்ல போட்டுப் பாத்தா. "கொறையும்பா, ஆனா அம்பது கிலோவுக்கு ரெண்டு கடுகு எடை கொறையும். உங்க மிஷினுக்குக் கடுகு தெரியாது." பாத்தீங்களா தம்பி! அவ சாமி ரெண்டு கடுகு. என்ற சாமி இருபத்தோரு கிராம். இதை விட என்ன வேணும்?

அப்பறம் பட்டறையைச் சுத்தி ஒருக்கா நடந்தா. மேல தகர சீட்டைப் பாத்தா. வேர்வையைத் தொடைச்சுட்டு ஒரு கேள்வி கேட்டா: "அப்பா, அமாவாசைக்கு ஷட்டரை ஆரு தெறப்பா?"

"ஆரும் தெறக்க மாட்டாங்க கண்ணு, லீவல்ல"ன்னேன்.

அவ மிஷினைத் தொட்டுட்டே நின்னா.

பர்லியாறு வந்துருச்சா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி, எனக்கும் வேண்டாம்.

அப்பறம் அவ ஒரு ஏற்பாடு சொன்னா. "ஆடில ஒரு அமாவாசை ஞாயித்துக்கெழம வருது. அன்னைக்கு ஷட்டரைத் தெறந்து, மெயினைப் போட்டு, ஃபேனை ஓட வுட்டு நிறுத்துப் பாக்கலாம். என்ன நம்பர் வந்தா நீங்க தோத்தீங்கன்னு ஒத்துக்குவீங்க, இப்பவே எழுதிக் குடுங்க. நானும் எழுதறேன். ரெண்டையும் கவர்ல போட்டு உங்க சீலையே வெச்சிரலாம்." சீல்னா, பாத்திருப்பீங்க, தராசுக்குப் பின்னால கம்பியும் ஈயக் குண்டும் தொங்குமே, அது. குறட்டுல வெச்சு அமுக்குனா அப்பறம் வெட்டாமத் தெறக்க முடியாது. நான் அவளுது என்னன்னு பாக்கல. என்ன எழுதியிருப்பா? அப்பன் தோப்பான்னு எழுதியிருப்பா. கவர்ல ஓட்டை போட்டுக் கம்பி கோத்து அமுக்கி வெச்சேன்.

அன்னைல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் வந்தா. அந்த மொத நாளையும் சேத்து மொத்தம் ஏழு. ஊட்டில இருந்து மொத பஸ் புடிச்சு வருவா. ஒரு ஸ்டூலைப் போட்டு மிஷினுக்கு முன்னால ஒக்காந்துக்குவா, அரை மணிக்கு ஒருக்கா நம்பரை எழுதுவா. நான் ரிப்பேர் பாத்துட்டே தள்ளுவிசையைப் பத்திப் பேசுவேன், கேட்டுக்குவா. கிரகணத்தை நிமிசக் கணக்காச் சொல்றதுக்கு உங்க கணக்குல வழி இருக்குதாப்பான்னு கேப்பா. இப்பத்தான கண்ணு கடையே தெறந்திருக்கறேன்பேன். மத்தியானம் ரெண்டு பேரும் ஒரே தூக்குப் போசில சாப்புடுவோம். கல்யாணம் ஆகிப் போன பொறவு அவ என்ற கூட அத்தன நேரம் ஒக்காந்ததே கெடையாது.

ஏழாவது ஞாயித்துக்கெழம அமாவாசை. நான் கற்பூரம் காட்டுனேன். அவ ஒதுங்கி நின்னா, சாமி கும்புட மாட்டா, படிச்ச திமிரு. அப்பறம் ஷட்டரை அவளே தூக்குனா. ரெண்டு ஃபேனையும் அந்த மூலைக்குத் திருப்பிப் போட்டா. காலைல அம்பது. மத்தியானம் அம்பது. சாயந்தரமும் அம்பது.

நான் ஒத்துக்கல. எப்புடிங்க ஒத்துக்குவேன்? ஆடிக் காத்துங்க, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து பேயாட்ட வந்து பட்டறைக்குள்ள புகுந்துச்சு. காத்து எடையை அமுக்கீருச்சுன்னேன். "சீலை வெட்டலாமாப்பா?"ன்னா. "இது செல்லாது, வெட்ட மாட்டேன்"னேன். சரிங்கப்பான்னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா.

புரட்டாசில புஸ்தகம் அச்சடிச்சேன். ஐப்பசில எங்க தராசு மெக்கானிக் சங்கத்து ஆண்டு விழா, காலைல பத்து மணிக்கு, கல்யாண மண்டபத்துல. அங்கயே வெளியிட்டுரலாம்னு ஏற்பாடு. கோகிலவாணிதான் வெளியிடறா. அட்டைல போட்டிருந்தேன்: "முனைவர் கோகிலவாணி அவர்களால் ஆராய்ந்து சான்றளிக்கப்பட்டது." கீழ அவ காலேஜ் பேரு. அவ வாயைத் தெறந்து அப்புடிச் சொல்லல, வாஸ்தவந்தான். ஆனா ஏழு ஞாயித்துக்கெழம ஒக்காந்து ஆராய்ஞ்சாளா இல்லையா? அதுக்குப் பேரு என்னங்க பின்ன?

மேடைலதான் அட்டையைப் பாத்தா. மொகம் வெளுத்துப் போச்சு. "அப்பா, இதென்னப்பா?"ன்னா மெதுவா. "அப்பறம் பேசிக்கலாம் கண்ணு, ரிப்பனை அவுரு"ன்னேன். அதுக்குள்ள மைக்கைக் கையில குடுத்துட்டாங்க.

மொதல்ல ஏதோ சொன்னா, மைக்கு கீச்சுன்னுச்சு, அப்பா எழுதுன நம்பரெல்லாம் என்னமோன்னு. அதை வுடுங்க. அப்பறம் சொன்னா பாருங்க: "இந்தப் புஸ்தகத்துக்கு நான் சான்று குடுக்கல. மத்தியானம் கொறைஞ்சது எடை இல்லைங்க. தகர சீட்டுக்குக் கீழ பட்டறை சூடாகுது, லோட் செல்லும் சூடாகுது. அமாவாசைக்கு ஷட்டர் மூடியிருக்குது, ஃபேன் ஓடறதில்ல, இன்னும் சூடாகுது. ஷட்டரைத் தெறந்து ஃபேனைத் திருப்பி வெச்சா அமாவாசையன்னைக்கும் கொறையறதில்ல."

எதுத்தாப்புல எம்பது மெக்கானிக்குக தம்பி. பிசிக்ஸ் வாத்தியாருக முன்னால சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. இவனுகளுக்கு அது ஒரு நிமிசத்துல வெளங்கிப் போச்சு. அப்பறம் கடைசி வரிசைல இருந்து பொள்ளாச்சி திருமூர்த்தி, நான் தொழில் சொல்லிக் குடுத்தவன், எந்திரிச்சுக் கேக்கறான்: "ஏனுங் அண்ணா, தராசை அப்பளமாட்டக் காயப் போட்டீங்களா?"

அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குதுங்க. நான் செத்துப் போயிட்டேன் அன்னைக்கு. பெத்த பொண்ணு. வேற ஆரு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அவ பின்னாலயே ஓடி வந்தா, "அப்பா, அப்பா"ன்னுட்டு. "எனக்குப் பொண்ணே இல்ல"ன்னுட்டு ஆட்டோ ஏறிட்டேன். அதுக்கப்பறம் அவ போன் பண்ணுனா நான் எடுக்கறதில்ல. பொங்கலுக்கு வந்தா, நான் பட்டறைலயே இருந்துட்டேன். இந்த வருசம் பொங்கலே இனிக்கல.

அதுக்கு மேல வீட்டுக்காரி ஒண்ணு சொல்றா. மொத ஞாயித்துக்கெழமயே மகளுக்குத் தெரிஞ்சு போச்சாமா. சூடுதான் காரணம்னு அன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லியிருக்கறா. அப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமல்ல? இல்ல, தெரிஞ்ச பொறவு இன்னும் ஆறு ஞாயித்துக்கெழம எதுக்கு வந்தா? வாராவாரம் மலை எறங்கி, வேர்த்து வேர்த்து, எழுதி எழுதி, எதுக்குங்க? அப்பன் எப்ப தோப்பான்னு வேடிக்கை பாக்கத்தான? வேற என்ன? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

குன்னூர்ல பாதி பஸ் காலியாயிருச்சு பாருங்க. நீங்க லவ்டேல்தான? இருங்க, இன்னும் நேரம் இருக்குது. ஒண்ணு சொல்றேன், வீட்டுக்காரிக்குக் கூட இது தெரியாது. உங்களை நான் மறுபடி பாக்கப் போறதில்ல, அதனால சொல்றேன்.

இந்தச் சித்திரை அமாவாசைக்கு, ஆடிக் காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல, நான் தனியாப் போயி ஷட்டரைத் தூக்குனேன். மெயினைப் போட்டேன். ரெண்டு ஃபேனையும் அவ திருப்புன மாதிரியே ஓட வுட்டேன். அவ ஒக்காந்த ஸ்டூல்லயே ஒக்காந்தேன். காலைல அம்பது. மத்தியானம் அம்பது. இலை அசையல, காத்துன்னு சொல்றதுக்கு வழியில்ல. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? வானம் தள்ளறதே நின்னு போச்சு போலன்னு தோணுச்சு. நானும் அவளும் பேசாமப் போன பொறவு நின்னிருக்கும்னு. சிரிக்காதீங்க தம்பி. சாயந்தரம் வரைக்கும் அப்புடித்தான் நெனச்சுட்டு ஒக்காந்திருந்தேன்.

அந்தக் கவர் பைலதான் இருக்குது. பாருங்க, சீல் அப்படியே இருக்குது. எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு எனக்கே தெரியல. இதை வாட்ச்மேன்கிட்ட டப்பாவோட குடுத்தர்லாமான்னு ஒரு நெனப்பு. இந்தாங்க கட்டிங் பிளேயர். நீங்களே வெட்டுங்க. எங்க பட்டறை வழக்கம், சீல் போட்டவன் தனியா வெட்டக் கூடாது, மூணாவது ஆளு வேணும். கம்பியை வெட்டுங்க, ஈயத்தை வுட்டுருங்க. நீங்களே படிச்சிருங்க, கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்.

ஆமா, அது என்ற கையெழுத்து. "அமாவாசையன்று எடை குறையாவிட்டால் என் கொள்கை தவறு. சென்னியப்பன்." ம். நாந்தான் எழுதுனேன். எழுதுனது எழுதுனதுதான், அழிக்க முடியுமா?

இன்னொண்ணு அவளுது. அதை வுடுங்க. மடிச்சு உள்ளயே வெச்சிருங்க.

சரி படிங்க. படிங்க, என்னதான் எழுதியிருக்கறான்னு கேட்டுத் தொலைக்கறேன்.

"ஷட்டர் திறந்திருக்கும்போதும் அமாவாசை மத்தியானம் ஐந்து கிராமுக்கு மேல் குறைந்தால், நான் படித்தது தவறு, அப்பா சொல்வது சரி. அப்போது முதல் ஆளாக நானே ஊருக்குச் சொல்வேன்." சரி. நாயமாத்தான் எழுதியிருக்கறா. அவ்வளவுதான? கீழ இன்னும் இருக்குதா? பொடி எழுத்துலயா?

என்னது?

இன்னொருக்கா படிங்க. அந்தக் கடைசியை மட்டும்.

"குறையணும் சாமி."

அவ சாமி கும்புட மாட்டாளே தம்பி.

இல்லீங்க, ஒண்ணுமில்ல, தூசி. ஷட்டரைத் தெறந்து வுடுங்க, பரவாயில்ல, வெயில் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. மொத நாளே தெரிஞ்சிருச்சு அவளுக்கு. தெரிஞ்சுட்டே இதை எழுதியிருக்கறா. எழுதிட்டு ஏழு ஞாயித்துக்கெழம அந்தத் தகரத்துக்கு அடியில ஒக்காந்து, நான் ஒரு கிராமாவது ஜெயிக்க மாட்டனான்னு பாத்திருக்கறா. நான் என்னடான்னா எனக்குப் பொண்ணே இல்லைன்னுட்டு வந்தேன்.

மைக்குல மொதல்ல சொன்னாளே, இப்ப ஞாபகம் வருது. "எங்கப்பா எழுதுன நம்பர் அத்தனையும் நெசம். பதினோரு வருசத்துல ஒரு நம்பர் கூட அவரு மாத்தி எழுதல. நான் ஒவ்வொண்ணாப் பாத்தேன்." அதான் சொன்னா. அப்பறம் வந்த சிரிப்புல அது எனக்கு மறந்தே போச்சு.

லவ்டேல் வந்துருச்சு, எறங்குங்க. அந்த டப்பாவை மட்டும் இப்படி எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. வாட்ச்மேன்கிட்டக் குடுத்தா அவன் நாலு முறுக்கை எடுத்துக்குவான். மிஷினை மத்தியானத்துக்கு மேல மாட்டிக்கலாம். ஏனுங்க தம்பி, காலேஜுக்கு எந்த ஸ்டாப்புல எறங்கோணுமுங்க?